அப்பா முணுமுணுத்த பாட்டை நான் எப்படி ஒலிபரப்புவது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். புதுச்சேரியில் ஒரு தனியார் எஃப்எம்மில் பகுதிநேரத் தொகுப்பாளராக இருக்கிறேன். ஞாயிறு இரவில் நேயர்கள் ஃபோனில் வந்து ஒரு பாட்டையும் அதோடு சேர்ந்த நினைவையும் சொல்வார்கள். அதுதான் என் நிகழ்ச்சி. அப்பா முதுநகரில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். போன நவம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். வேலை செய்யும்போது எழுபதுகளில் வந்த ஒரு பாட்டை எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருப்பார். (பாட்டின் பெயரைப் போட வேண்டாம், தெரிந்தவர்கள் என்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.) யாராவது அந்தப் பாட்டைக் கேட்டால் 'சிஸ்டத்தில் இல்லை' என்று சொல்லி வேறு பாட்டைப் போட்டுவிடுகிறேன். இரண்டு வாரம் முன்பு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் தன் அப்பாவைப் பற்றிப் பேசிவிட்டு அதே பாட்டைக் கேட்டார். எனக்குப் பேச்சே வரவில்லை. சில நொடிகள் மௌனமாகிவிட்டது. அப்புறம் விளம்பரத்தைப் போட்டுச் சமாளித்தேன். நான் பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டு என்னை ஏன் இப்படி உலுக்குகிறது என்று புரியவில்லை. தயாரிப்பாளர் திட்டவில்லை. 'தந்தையர் தினத்துக்கு உன் அப்பா கதையை நீயே சொல்லு, அழுகை வந்தால் வரட்டும், ப்ரோமோவுக்கு நன்றாக இருக்கும்' என்கிறார். வீட்டில் அந்தப் பாட்டு வந்தால் அம்மா ரேடியோவை நிறுத்திவிடுகிறார். நான் இந்த நிகழ்ச்சியையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நிகழ்ச்சியை விட வேண்டாம். 'சிஸ்டத்தில் இல்லை' என்று சொல்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நேயர் விருப்பத்துக்கு ஃபோன் செய்கிறவர் கை போன போக்கில் நம்பரைப் போடுவதில்லை. லைன் கிடைக்கிறவரை திரும்பத் திரும்ப அடிக்கிறார். என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒருமுறை பேசிப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார். இத்தனையும் ஒரு பாட்டுக்காக. அந்தப் பாட்டைத்தான் நாம் இல்லை என்கிறோம். உங்களால் அன்றைக்கு முடியவில்லை என்றால், "இந்தப் பாட்டை இன்றைக்குப் போட முடியவில்லை, அடுத்த வாரம் உங்கள் பெயர் சொல்லிப் போடுகிறோம்" என்று சொல்லுங்கள். அது உண்மை. யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். அடுத்த வாரமும் உங்களால் முடியாது என்று தோன்றினால், கூட வேலை பார்க்கும் ஒருவர் தன் நேரத்தில் போடட்டும். நெல்லிக்குப்பத்துக்காரருக்கு அந்தப் பாட்டு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

பிறப்பதற்கு முன்பே வந்த பாட்டு ஏன் உலுக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் க்ரம்ஹான்சல் 2013-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு 1955 முதல் 2009 வரை வந்த ஹிட் பாட்டுகளைப் போட்டு, எந்தப் பாட்டில் சொந்த நினைவு வருகிறது என்று கேட்டார்கள். தங்கள் பருவத்துப் பாட்டுகளில் நினைவு வருவது எதிர்பார்த்ததுதான். ஆனால் பெற்றோர் இளவட்டமாக இருந்த காலத்துப் பாட்டுகளிலும் நினைவுகள் தூக்கலாக வந்தன. வீட்டில் பெரியவர்கள் கேட்ட பாட்டு பிள்ளைகளுக்குள்ளும் இறங்கிவிடுகிறது. அப்பாவின் இருபது வயதுப் பாட்டு உங்கள் ஐந்து வயதில், கடையில் சால்டரிங் புகை வாசனையோடு உங்களுக்குள் போயிருக்கிறது. அது உங்கள் பாட்டும்தான். அதற்காகக் கலங்குவதில் ஒரு கோளாறும் இல்லை.

அப்பாவுக்கு அந்தப் பாட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்றும் யோசித்துப் பார்த்தேன். எழுபதுகளில் கடலூர் முதுநகரில் ஒரு பையன் சினிமாப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தால், அதில் பாதியாவது இலங்கை வானொலியில் கேட்டதாகத்தான் இருக்கும். 1952-இல் மத்திய அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டினார். பாட்டு வேண்டிய ஜனம் முழுக்க இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. 1957 அக்டோபர் 3-ஆம் தேதி அகில இந்திய வானொலியே சினிமாப் பாட்டுக்கு இடம் கொடுத்து விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்கியது, 1967-இல் புதுச்சேரியிலேயே வானொலி நிலையம் வந்தது. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சியோடு காலையைத் தொடங்கிய வீடுகள் நம் கரையோரத்தில் ஏராளம். அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் வேகத்துக்கும் பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்புக்கும் இங்கே இருந்த மரியாதை சினிமா நடிகர்களுக்கு இருந்ததற்குக் குறைந்ததல்ல.

கடலூரில் அது தெளிவாகக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. மத்திய அலை (மீடியம் வேவ்) தரையை ஒட்டிப் பயணம் செய்யும்போது காய்ந்த மண் அதைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும். உப்புத்தண்ணீர் நல்ல மின்கடத்தி என்பதால் கடலின் மேல் அலை அதிகம் தேயாமல் நெடுந்தூரம் வரும். யாழ்ப்பாணக் கரையிலிருந்து கடலூர் வரை வழியில் பெரும்பகுதி கடல்தான். பொழுது சாய்ந்தால் வானத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் ராத்திரியில் இன்னும் தூரத்து நிலையங்கள்கூட வந்து விழும். அப்பா ரிப்பேர்காரர் என்பதால் இதெல்லாம் அவருக்கு அத்துப்படியாக இருந்திருக்கும். வாய்ப்பிருந்தால் அவரோடு வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, பாட்டைப் போடுவதற்கு வருவோம். இதைத் தைரியத்தால் சாதிக்கப் பார்க்காதீர்கள். தொழில் சார்ந்த வழிகள் இருக்கின்றன.

முதலில் தனியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோனில், முழுப் பாட்டையும் கேளுங்கள். வேலைக்கு வரும் பஸ்ஸில் வேண்டாம். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் ஸ்டுடியோவுக்கு ஏற்ற முகத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டிய அவசரம் வந்துவிடும். லீவு நாளில், சில்வர் பீச்சிலோ மொட்டை மாடியிலோ கேளுங்கள். அழுகை வந்தால் அழுதுவிட்டு மறுபடி கேளுங்கள். எந்த இடத்தில் உடைகிறீர்கள் என்று கவனியுங்கள். பாடகர் தொடங்குவதற்கு முன்னால் வரும் முகப்பிசையிலா, இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இடையிசையிலா, பல்லவிக்குத் திரும்பும் இடத்திலா? அது எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பாட்டு முழுவதும் வலிக்காது. ஓரிடம்தான் வலிக்கும். அந்த இடம் எப்போது வரும் என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

அப்புறம் ஸ்டுடியோவில், ஒலிபரப்பு இல்லாத நேரத்தில், நீங்கள் வழக்கமாக உட்காரும் கன்சோலில், மைக் ஃபேடரை (ஒலி அளவை ஏற்றி இறக்கும் பிடியை) இறக்கி வைத்துவிட்டு அதே பாட்டை ஓட விடுங்கள். இருக்கையும் விளக்கும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தெரியும் முகமும் பாட்டோடு சேர்ந்து பழக வேண்டும். அதற்குப் பிறகு பகல் நேரத்தில், பேச்சு எதுவும் இல்லாமல், இரண்டு பாட்டுகளுக்கு நடுவில் அதை ஒலிபரப்புங்கள். ஞாயிறு இரவுக்குக் கடைசியில்தான் வர வேண்டும்.

ஞாயிறு இரவில் போடும்போது அதற்கான அறிவிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி போதும். நேயர் பெயர், ஊர், பாட்டு. கையெழுத்து பெரிதாக இருக்கட்டும். கண் கலங்கினாலும் படிக்க முடிய வேண்டும். ஃபேடரை ஏற்றுவதற்கு முன்னால் மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். அழுகை முட்டும்போது நாம் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொள்கிறோம், தொண்டை இறுகுகிறது, குரல் மேலே போய் உடைகிறது. மூச்சை விட்டுவிட்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் தொடங்கினால் பிடி கிடைக்கும். நின்றுகொண்டு பேசுவது இன்னும் நல்லது. பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், அடுத்த வரிசையில் ஒரு ஜிங்கிள், அதாவது நிலையத்தின் சின்ன இசைத்துணுக்கு, தயாராக இருக்கட்டும். முடியவில்லை என்றால் ஜிங்கிளைத் தட்டிவிட்டு நேராகப் பாட்டுக்குப் போய்விடலாம்.

நேயர் அழைப்பைக் கொஞ்சம் முன்னால் பதிவு செய்து, தேவையில்லாததை வெட்டி, பிறகு விடுவது பல எஃப்எம்களில் வழக்கம்தான். கொஞ்ச காலத்துக்கு உங்கள் நிகழ்ச்சியிலும் அப்படிச் செய்யலாமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். நீங்கள் கேட்க வேண்டிய நியாயமான சலுகை இது.

அந்தச் சில நொடி மௌனத்தை நினைத்து நொந்துகொண்டிருக்கிறீர்கள். நொந்துகொள்ள வேண்டாம். அப்பாவைப் பற்றி ஒருவர் பேசி முடித்ததும் தொகுப்பாளர் உடனே "சூப்பர் சார், நல்லது சார்" என்று பாய்ந்திருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த மௌனம் புரிந்திருக்கும். மௌனத்துக்குப் பிறகு விளம்பரம் போனதுதான் பொருந்தவில்லை. அடுத்த முறை அந்த இடத்தில் பாட்டின் முகப்பிசை வரட்டும்.

முகப்பிசை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், இது எனக்கு ரொம்ப நாளாக உள்ள ஆதங்கம். பாடகர் குரல் தொடங்கும் நொடிவரை முகப்பிசையின் மேல் பேசிக்கொண்டே போய்ச் சரியாக நிறுத்துவதை எஃப்எம்மில் ஒரு திறமையாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். காலை நேரத்துத் துள்ளல் நிகழ்ச்சியில் அது சரி. நினைவு சொல்லும் நிகழ்ச்சியில் கூடவே கூடாது. பழக்கமான பாட்டை அடையாளம் காண மனிதர்களுக்கு ஒரு நொடிகூட முழுதாகத் தேவையில்லை. அதே க்ரம்ஹான்சல் 2010-இல் நொடியில் பாதிகூட இல்லாத துண்டுகளைப் போட்டுக் காட்டினார். நூறு முறை போட்டால் இருபத்தைந்து முறைக்கு மேல் கேட்டவர்கள் பாட்டையும் பாடியவரையும் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நினைவு திறப்பது முதல் வயலின் இழுப்பில், முதல் புல்லாங்குழல் துணுக்கில். நேயர் அத்தனை நேரம் காத்திருந்தது அதற்காகத்தான். அதன் மேல் நம் குரலைப் போட்டு மூடுவது பெரிய அநியாயம். பேசி முடியுங்கள், ஃபேடரை இறக்குங்கள், அப்புறம் பாட்டு.

நேயர்களிடம் கேட்கும் கேள்விகளிலும் கவனம் வேண்டும். "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில் "ரொம்ப ஃபீலிங்கா இருந்துச்சு" என்பதுதான். அதற்கு மேல் பேச்சு நகராது. "ரேடியோ வீட்டில் எங்கே இருந்தது?" என்று கேளுங்கள். அலமாரி மேலே, குழந்தைகள் கைக்கு எட்டாமல், ஒரு எம்ப்ராய்டரி துணி போட்டு மூடி வைத்திருந்தோம் என்பார்கள். "யார் ஸ்டேஷன் மாற்றுவார்கள்?" என்று கேளுங்கள். அப்பா மட்டும்தான், அவர் வேலைக்குப் போனதும் அம்மா எடுத்துவிடுவார் என்பார்கள். இரண்டு கேள்வியில் ஒரு வீடே வந்துவிடும். அந்த வீட்டுக்குள் துக்கம் இருந்தால் அது தானாக வரும், நாம் போய்த் தோண்டத் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் பெட்ர் ஜனாட்டா 2007-இல் செய்த ஆய்வில், பழைய பாட்டுகள் கிளப்பிவிட்ட உணர்ச்சிகளில் பெரும்பான்மை இனிமையானவை என்றுதான் வந்தது. உங்கள் நேயர்களிலும் அழுவதற்காக ஃபோன் செய்பவர்கள் குறைவுதான், நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. கடலூரும் புதுச்சேரியும் சின்ன ஊர்கள். முத்தியால்பேட்டையில் ஒரு பெண், இந்தத் தெரு, இந்தப் பள்ளி, இந்த வருடம் என்று பழைய காதலை ஒருவர் சொன்னால், அந்தப் பெண் யார் என்று ஒரு ஊரே சொல்லிவிடும். அவர் இன்று பேரன் பேத்தியோடு அதே ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அடையாளம் தெரியும் விவரங்களைப் பதிவிலேயே வெட்டிவிடுங்கள். நேயரிடமும் வெட்டுகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

அம்மா விஷயம். அவர் ரேடியோவை நிறுத்தினால் நிறுத்தட்டும். 'கேட்டால்தான் மனசு ஆறும்' என்று அவரைப் பிடித்து உட்கார வைக்காதீர்கள். நீங்கள் கேட்டுப் பழகுவதும் அவர் காதில் விழாமல் நடக்கட்டும். ஞாயிறு இரவு அந்தப் பாட்டு வரப்போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்பதா வேண்டாமா என்று அவரே முடிவு செய்வார். கல்யாணமான புதிதில் கேட்ட பாட்டுகள், பிறந்த வீட்டுப் பாட்டுகள் என்று வேறு பக்கம் பேச்சைக் கொண்டுபோனால் சில நேரம் அவரே அப்பாவைப் பற்றிய பேச்சுக்கு வந்து சேர்வார். மாதங்கள் போயும் சரியான தூக்கம், சாப்பாடு இல்லை, யாரிடமும் பேச்சில்லை என்றால் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கடைசியாகத் தந்தையர் தினம். தயாரிப்பாளர் சொல்வதைச் செய்யாதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அவருக்கு மேலே இருப்பவர்கள் கேட்பதை அவர் உங்களிடம் கேட்கிறார். ஆனால் ஏழெட்டு மாதத் துக்கத்தை வைத்து முப்பது நொடி ப்ரோமோ செய்து, அதை நாள் முழுக்கச் சோப்பு விளம்பரத்துக்கும் நகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் ஓட்டினால், உங்கள் அழுகையை நீங்களே டீக்கடையில் கேட்க நேரும். அம்மாவும் கேட்க நேரும். ஒருமுறை ஒலிபரப்பானதைத் திரும்ப வாங்க முடியாது, இப்போதெல்லாம் அதை ஃபோனில் வெட்டி அனுப்பியும் விடுகிறார்கள். அப்பாவைப் பற்றி நீங்கள் ஒருநாள் பேசுவீர்கள். அது எப்போது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெறுமனே மறுக்காமல் கையில் வேறொன்றை வைத்துக்கொண்டு மறுங்கள். ரிப்பேர் கடைக்காரர் ஒரு செட்டைச் சரிசெய்து முடித்ததும் ஒரு நிலையத்தை வைத்து, கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பார்ப்பார். கொண்டுவந்தவர் பக்கத்தில் நின்று கேட்பார். ஊமையாகக் கிடந்த செட்டில் முதலில் கேட்ட பாட்டைப் பலர் மறப்பதில்லை. முதுநகரிலும் திருப்பாதிரிப்புலியூரிலும் அப்பாவிடம் செட் கொடுத்தவர்கள் இன்னும் இருப்பார்கள். டயல் நூல் அறுந்தது, ஸ்பீக்கர் கிழிந்தது, கல்யாணத்துக்கு வந்த மர்பி ரேடியோ, வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் என்று ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். தானே புயல் கரை கடந்த 2011 டிசம்பர் 30-க்குப் பிறகு கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் பேட்டரி ரேடியோவைத் தூசி தட்டி எடுத்தவர்களும் இருப்பார்கள். அவர்களில் சிலரிடம் போய்ப் பதிவு செய்யுங்கள். 'சரியான செட்டில் முதல் பாட்டு' என்று ஒரு மணி நேரம் செய்யலாம். அப்பாக்களைப் பற்றியும் அவர்களே பேசுவார்கள். கடைக்காரர் யாருடைய அப்பா என்று நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை.

தந்தையர் தினம் ஜூன் மூன்றாம் ஞாயிறு, உங்கள் நிகழ்ச்சி நாளும் ஞாயிறுதான். மே முதல் வாரத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதித் தயாரிப்பாளரிடம் கொடுங்கள். யார் யாரைப் பதிவு செய்யப் போகிறீர்கள், எந்தெந்தப் பாட்டுகள், ப்ரோமோவில் யாருடைய குரல் என்பது அதில் இருக்கட்டும். வாயால் சொன்னால் மறந்துபோகும், எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். பேசுகிறவர்களிடம் ஒலிபரப்பச் சம்மதம் வாங்கி அதையும் பதிவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சியைப் பிறகு இணையத்தில் ஏற்றுவதானால் பேச்சை மட்டும் ஏற்றுங்கள். பாட்டை வானொலியில் ஒலிபரப்ப நிலையம் வாங்கியிருக்கும் உரிமம் இணையத்துக்கும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம்.